அழிந்த விலங்கைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? தைலசின் பற்றி எங்கே தேடுவது?

உறையூர்_நந்தினி

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அழிந்த இனங்களை மரபணு வழியாகத் திரும்பக் கொண்டுவருவதும் (டி-எக்ஸ்டிங்ஷன்) இனப் பாதுகாப்பும் என்று செமினார் தலைப்பு. டாஸ்மேனியப் புலி என்கிற தைலசினை, ஆஸ்திரேலியாவில் அழிந்துபோன பைப்பாலூட்டி (குட்டியைப் பையில் வளர்க்கும் விலங்கு) அது, எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

கூகுளில் தேடினால், அழிந்த விலங்குகளைத் திரும்பக் கொண்டுவர முயலும் கொலோசல் கம்பெனியின் அறிக்கை, அந்த அறிக்கையை மாற்றி எழுதிய செய்தி, அந்தச் செய்தியை வாசிக்கும் யூடியூப் வீடியோ, இவ்வளவுதான் வருகிறது. கைடு மேடம் ஒரே பிடியாக, "கம்பெனி சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லாதே, நூலகத்துக்குப் போ" என்றுவிட்டார். எங்கள் கல்லூரி நூலகத்தில் இருப்பது பாடநூல்கள்தான். அங்கே போய் என்ன கேட்பது என்றே புரியவில்லை. யாராவது வழி சொல்லுங்களேன்.

அரட்டை_அரசு

டைனோசர் எப்போ வரும்னு கேட்டுச் சொல்லுங்க. டிக்கெட் போட்டுடலாம்.

செல்வம்_லேப்

அரசு, டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். இதுவரை படிக்க முடிந்த மிகப் பழைய டி.என்.ஏ. கிரீன்லாந்து மண்ணிலிருந்து எடுத்தது, வயது சுமார் 20 லட்சம் ஆண்டு. டைனோசர்கள் போய் 6.6 கோடி ஆண்டு ஆகிறது. நந்தினியின் இழையைத் திசைதிருப்ப வேண்டாம்.

பழைய_நூலகர்

நந்தினி அம்மா, கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மேடம் சொன்னது சரிதான், ஆனால் பாதியில் விட்டுவிட்டார். நூலகத்துக்குப் போகுமுன் ஒரு கேள்வியோடு போக வேண்டும். "டி-எக்ஸ்டிங்ஷன் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் எந்த நூலகரும் ஒரு கலைக்களஞ்சியத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்.

எனக்குத் தோன்றும் முதல் கேள்வி, அந்த விலங்கு ஏன் அழிந்தது? "வேட்டையாடி அழித்தார்கள்" என்று ஒரே வரியில் எல்லாக் கட்டுரையும் தாண்டிப் போகும். யார் வேட்டையாடினார்கள், யார் காசு கொடுத்தார்கள், ஆட்டைத் தின்றது என்ற குற்றச்சாட்டுக்கு என்ன சான்று, இதெல்லாம் தெரியாமல் திரும்பக் கொண்டுவந்து எங்கே விடுவது? இதற்கான பதில் மரபணு இதழ்களில் இல்லை. பழைய செய்தித்தாள், சட்டமன்ற நடவடிக்கை, அரசுக் கணக்கு, அருங்காட்சியக ஆண்டறிக்கை, இவற்றில் இருக்கிறது. பாதிக்கு மேல் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம்.

அடுத்தது, உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியா? "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நான் வேலையில் இருந்தபோது இதில் பத்தில் ஒரு பங்குக்கே கெஞ்ச வேண்டியிருந்தது.

உறையூர்_நந்தினி

சுயநிதிக் கல்லூரி சார். அந்தத் திட்டத்தில் நாங்கள் இல்லை என்று எங்கள் நூலகர் சொன்னார்.

பழைய_நூலகர்

அப்படியானால் மேடத்திடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போங்கள். உள்ளே உட்கார்ந்து படிக்கப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். உங்கள் கல்லூரி டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினரா என்றும் கேளுங்கள். உறுப்பினராக இருந்தால் வேறு நூலகத்தில் இருக்கும் கட்டுரையின் நகலை வரவழைக்கலாம். பல கல்லூரிகள் சந்தா கட்டிவிட்டு மாணவர்களிடம் சொல்வதே இல்லை. இதுவும் நடக்கவில்லை என்றால் கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பேராசிரியர்கள் தங்கள் கட்டுரையை யாராவது கேட்டால் மகிழ்ந்து அனுப்புவார்கள், அவர்களுக்கு வாசகர்கள் அவ்வளவு குறைவு.

மெல்பர்ன்_சுதா

நந்தினி, ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன், இங்கே ஒரு பொது நூலகத்தில் வேலை. ட்ரோவ் என்று ஒரு தளம், ஆஸ்திரேலிய தேசிய நூலகம் நடத்துகிறது. பழைய செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக அதில் இருக்கின்றன. உறுப்பினர் கட்டணம் கிடையாது, திருச்சியிலிருந்தும் திறக்கும்.

ஆனால் ஒரு விஷயம். அதில் போய் தைலசின் என்று தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். அக்காலத்து ஆட்டுப் பண்ணைக்காரர் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "டாஸ்மேனியன் டைகர்", "நேட்டிவ் டைகர்", "ஹைனா", "மார்சூபியல் வுல்ஃப்" என்று ஒவ்வொன்றாகப் போட வேண்டும். வெறும் டைகர் என்று போட்டால் கால்பந்து அணி, சர்க்கஸ் எல்லாம் வந்து குவியும். அதனால் கூடவே ஆடு, பரிசுத்தொகை, ஊர்ப்பெயர் என்று ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைச் சேர்த்து, ஆண்டையும் 1880 முதல் 1936 வரை என்று குறுக்கிக்கொள். இன்னொன்று, அந்தப் பக்கங்களை எழுத்தாக மாற்றியது இயந்திரம். பிழைகள் நிறைய. அதனால் எழுத்தை மட்டும் படிக்காமல் பக்கத்துப் படத்தையும் பெரிதாக்கிப் பார்.

என்ன கிடைக்கும் என்று ஒரு சுருக்கம் தருகிறேன். வேன் டீமன்ஸ் லேண்ட் கம்பெனி என்ற தனியார் கம்பெனி 1830-லேயே புலித் தலைக்குக் காசு கொடுக்கத் தொடங்கியது. டாஸ்மேனிய அரசு இறங்கியது பிற்பாடுதான். ஜான் லைன் என்ற சட்டமன்ற உறுப்பினர், அவரும் ஆட்டுப் பண்ணைக்காரர், ஆண்டுக்குப் பல்லாயிரம் ஆடுகள் புலியால் சாகின்றன என்று பேசி 1886-இல் தீர்மானம் கொண்டுவந்தார். அது 12-க்கு 11 என்ற கணக்கில் நிறைவேறியது. ஒரே ஒரு ஓட்டு! 1888 முதல் 1909 வரை அரசு, வளர்ந்த விலங்குக்கு 1 பவுன், குட்டிக்கு 10 ஷில்லிங் கொடுத்தது. மொத்தம் 2,184 தலைகள். இது அரசு கொடுத்த கணக்கு மட்டும், கம்பெனியும் பண்ணைகளும் தனியாகக் கொடுத்தது இதில் சேராது.

வால்பாறை_ரவி

அந்தக் கணக்கை ஆண்டுவாரியாகப் பாருங்கள் நந்தினி. எரிக் கைலர் என்ற விலங்கியலாளர் தொகுத்தது. 1900-இல் 153. 1908-இல் 17. 1909-இல் 2. வேட்டை நின்றதால் எண்ணிக்கை குறையவில்லை. பரிசுத்தொகை இருந்துகொண்டே இருந்தது, கொண்டுவந்து கொடுக்கத்தான் விலங்கு இல்லை. சுமார் எட்டே ஆண்டில் இந்தச் சரிவு.

இதைப் பார்த்துத்தான் ஏதோ தொற்றுநோய் வந்திருக்க வேண்டும் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். தாமஸ் ப்ரோஸ் குழு 2013-இல் ஒரு கணித மாதிரி போட்டுப் பார்த்தது. வேட்டை, வாழிட இழப்பு, இரை குறைந்தது, இந்த மூன்றும் சேர்ந்தாலே போதும், நோயைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை என்பது அவர்கள் முடிவு. அந்தக் கட்டுரை ஜர்னல் ஆஃப் அனிமல் எக்காலஜியில் இருக்கிறது. நோய் என்று சொல்வது மனிதர்களுக்கு வசதியான விளக்கம், அவ்வளவுதான் என்பேன்.

செல்வம்_லேப்

ரவி, கடைசி வரி கொஞ்சம் அதிகம். நோய் "தேவையில்லை" என்று மாதிரி காட்டுவதும் நோய் "இல்லை" என்று நிரூபிப்பதும் ஒன்றல்ல. அக்காலத்தில் நோயுற்ற விலங்குகளைப் பார்த்ததாகக் குறிப்புகள் உண்டு. நந்தினி செமினாரில் இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

வால்பாறை_ரவி

இரண்டையும் சொல்லட்டும். ஆனால் காசு கொடுத்துக் கொன்றதற்கு ரசீது இருக்கிறது, நோய்க்கு இல்லை.

மெல்பர்ன்_சுதா

இந்தச் சண்டையை அப்புறம் தொடருங்கள். ஆடு தின்னும் விஷயத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். ராபர்ட் பேடில் என்பவர் தைலசின் பற்றி 2000-இல் ஒரு முழு நூல் எழுதினார். பழைய ஆவணங்களைக் குடைந்து, ஆடுகளை அதிகம் கொன்றது நாய்களும் திருட்டும்தான், புலியின் பங்கு ஊதிப் பெருக்கப்பட்டது என்று வாதிடுகிறார். 2011-இல் வந்த ஒரு தாடை எலும்பு ஆய்வும் அதே திசையில்தான். வளர்ந்த ஆட்டை அடித்து வீழ்த்தும் அளவுக்கு அந்தத் தாடைக்கு வலு இல்லை, சிறு விலங்குகளைத்தான் பிடித்திருக்கும் என்கிறது. 2020-இல் உடல் எடையை மறுபடி கணக்கிட்டார்கள், சராசரி 16.7 கிலோதான் வந்தது. முன்பெல்லாம் 30 கிலோ அளவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அரட்டை_அரசு

16 கிலோவா? எங்க தெரு நாய் அதைவிட கனமா இருக்கும். இதுக்குப் போய் புலின்னு பேரு வெச்சு சட்டமன்றத்துல ஓட்டெடுப்பா?

பழைய_நூலகர்

பேடில் பெயர் வந்ததால் சொல்கிறேன். நூலகத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் காட்டும் கதை இது.

கடைசித் தைலசின் ஹோபார்ட் விலங்குக்காட்சி சாலையில் 1936 செப்டம்பர் 7 அன்று இறந்தது. அந்த இனத்துக்கு அரசு முழுப் பாதுகாப்பு அளித்தது அதே ஆண்டு ஜூலை 10. இடைவெளி 59 நாள். உடல் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை, குப்பையில் போட்டிருப்பார்கள் என்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் நம்பிவந்தார்கள். 1936-ஆம் ஆண்டுக்குரிய உடல் எதுவும் டாஸ்மேனிய அருங்காட்சியகப் பதிவேட்டில் இல்லை என்பதுதான் காரணம்.

பேடிலும், அந்த அருங்காட்சியகத்தில் பொறுப்பாளராக இருந்த கேத்ரின் மெட்லாக்கும் தேடியபோது, அச்சில் வராத ஓர் அறிக்கை கையில் கிடைத்தது. அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்தவர், அந்த ஆண்டு தான் வேலை செய்த உடல்களைப் பட்டியலிட்டு எழுதியது. அதில் ஒரு தைலசினும் இருந்தது. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போனால், தோலும் எலும்பும் அதே கட்டடத்தில் ஒரு அலமாரிக்குள் இருந்திருக்கின்றன! தோலைப் பதப்படுத்தி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் காட்டுவதற்கு எடுத்துப்போய்க்கொண்டிருந்தார்களாம், கடைசி விலங்கு என்று தெரியாமலே. 2022 டிசம்பரில் இந்தச் செய்தி வெளிவந்தது. அந்த விலங்கைப் பிடித்தது யார், அது ஆணா பெண்ணா என்ற சச்சரவு ஆய்வாளர்களிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை, அது வேறு.

பதிவேட்டில் இல்லாத ஒன்று ஆண்டறிக்கையில் இருந்தது. ஆண்டறிக்கையை யாரும் படிப்பதில்லை. எங்கள் நூலகத்தில் இடம் போதவில்லை என்றதும் முதலில் எடைக்குப் போட்டது பழைய ஆண்டறிக்கைகளைத்தான். நான் எதிர்த்துப் பார்த்தேன், நடக்கவில்லை.

கோபிகா_யாழ்

நல்ல இழை. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இந்தியச் சந்தாத் திட்டம் எதுவும் எங்களுக்கு உதவாது. எந்தத் தடையும் இல்லாமல் திறக்கக்கூடிய வேறு ஏதாவது இருக்கிறதா? முக்கியமாக எங்கள் பக்கத்து விலங்குகள் பற்றியும்.

பழைய_நூலகர்

இருக்கிறது டீச்சர். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. உலகின் பெரிய இயற்கை வரலாற்று நூலகங்கள் சேர்ந்து நடத்துகின்றன, முழுவதும் இலவசம். பத்தொன்பதாம் நூற்றாண்டு விலங்கியல் நூல்கள் பெரும்பாலும் அதில் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ் 1886-இல் தொடங்கியது, அதன் பழைய தொகுதிகளையும் அங்கேயே படிக்கலாம். இலங்கை, தென்னிந்தியக் குறிப்புகள் அதில் ஏராளம். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என்.-இன், அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களுக்கான சிவப்புப் பட்டியல் மதிப்பீடுகளும் யாருக்கும் திறந்தவைதான்.

செல்வம்_லேப்

சரி, இப்போது ஆய்வகப் பக்கம். நந்தினி, மரபணு சம்பந்தமான கட்டுரைகள் பெரும்பாலும் திறந்த அணுக்கத்தில் இருக்கின்றன, அதனால் காசுப் பிரச்சினை இங்கே குறைவு. காலவரிசையாகப் படித்தால் கம்பெனி அறிக்கைகளை எந்த இடத்தில் வைப்பது என்று தானாகவே தெரிந்துவிடும்.

முதல் முயற்சி 1999-இல், சிட்னியில் இருக்கும் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில், மைக் ஆர்ச்சர் தலைமையில். 1866-இல் ஆல்கஹாலில் போட்டு வைத்த ஒரு பைக்குட்டியிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள். அது துண்டு துண்டாகச் சிதைந்திருந்தது. 2005-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2008-இல் தைலசினின் ஒரு சிறு டி.என்.ஏ. துண்டை எலிக் கருவுக்குள் வைத்து, அது குருத்தெலும்பு வளரும் இடத்தில் வேலை செய்வதைக் காட்டினார்கள். அழிந்த விலங்கின் டி.என்.ஏ. உயிருள்ள உடலுக்குள் செயல்பட்டதை அதில்தான் முதலில் பார்த்தோம். ஆண்ட்ரூ பாஸ்க் குழு 2017 டிசம்பரில் முழு மரபணுத்தொகையை வெளியிட்டது. 1909-இல் சேகரித்த பைக்குட்டி, அதுவும் ஆல்கஹாலில் இருந்ததுதான். 2023-இல் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் சாதாரண அறை வெப்பத்தில் இருந்த சுமார் 130 ஆண்டு பழைய உடலிலிருந்து ஆர்.என்.ஏ.வை எடுத்தார்கள். எந்தத் திசுவில் எந்த மரபணு வேலை செய்தது என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். அழிந்த விலங்கு ஒன்றிலிருந்து ஆர்.என்.ஏ. படித்தது அதுவே முதல்முறை.

கவனித்தீர்களா, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் அருங்காட்சியக ஜாடிதான். பழைய நூலகர் ஆண்டறிக்கைக்கு வருந்துகிறார், நான் ஜாடிகளுக்கு வருந்துகிறேன்.

இனி கஷ்டமான இடம். மரபணுத்தொகை தெரிந்துவிட்டால் விலங்கு வந்துவிடாது. தைலசின் செல் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அதனால் இப்போது உயிரோடு இருக்கும் உறவினம் ஒன்றின் செல்லை எடுத்து, அதன் மரபணுக்களைத் தைலசின் பக்கமாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பது ஃபேட்-டெய்ல்டு டன்னார்ட் என்ற, எலி அளவே இருக்கும் பைப்பாலூட்டி. எடை சுமார் 15 கிராம். இரண்டும் பிரிந்து 3.5 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. பைப்பாலூட்டிக் குட்டிகள் அரிசிமணி அளவில் பிறப்பதால், இவ்வளவு சிறிய தாய் போதும் என்பது அவர்கள் வாதம். பிறந்த பிறகு பைக்கு வெளியே எப்படி வளர்ப்பது என்பது தனித் தலைவலி.

உறையூர்_நந்தினி

செல்வம் அண்ணா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். எப்போதோ அழிந்துபோன டயர் ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று போன வருடம் எல்லா சானலிலும் வந்ததே. அப்படியானால் தைலசினும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

செல்வம்_லேப்

நல்ல கேள்வி, செமினாரில் இதை யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். 2025 ஏப்ரலில் கொலோசல் அறிவித்தது அது. ரோமுலஸ், ரீமஸ், கலீசி என்று மூன்று குட்டிகள். செய்தது என்னவென்றால், சாம்பல் ஓநாயின் செல்லில் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள். 15 திருத்தங்கள் டயர் ஓநாயின் டி.என்.ஏ.வில் பார்த்தவை, மீதி 5 வேறு வழியில் தேர்ந்தெடுத்தவை. அடிப்படை முழுவதும் சாம்பல் ஓநாய். கம்பெனியின் தலைமை விஞ்ஞானி பெத் ஷாபிரோவே பிறகு ஒரு பேட்டியில், இவை 20 திருத்தங்கள் செய்த சாம்பல் ஓநாய்கள்தான் என்று சொன்னார். ஐ.யு.சி.என்.-இன் நாய்க்குடும்ப வல்லுநர் குழு அதே ஏப்ரலில் அறிக்கை விட்டது: இவை டயர் ஓநாய்களும் அல்ல, அதற்குப் பதிலிகளும் அல்ல என்று.

2021-இல் நேச்சரில் வந்த ஆய்வை எடுத்துப் படியுங்கள். டயர் ஓநாயின் கால்வழி சாம்பல் ஓநாய் வழியிலிருந்து சுமார் 57 லட்சம் ஆண்டு முன்பே பிரிந்துவிட்டது என்கிறது. கொலோசல் சார்பில் வந்த முன்பதிப்பு அதோடு உடன்படவில்லை. நூலகப் பாடம் இதில்தான் இருக்கிறது. அறிவிப்பு வந்த நாளில் கையில் இருந்தது பத்திரிகைப் பேட்டி மட்டுமே. முன்பதிப்பு அதன் பிறகு. முன்பதிப்பு என்றால் வேறு ஆய்வாளர்கள் சரிபார்த்து முடிக்காதது. ஒவ்வொரு ஸ்லைடிலும் ஆதாரம் எந்த ரகம் என்று ஒரு ஓரத்தில் எழுதிவையுங்கள்.

வால்பாறை_ரவி

இனி என் முறை. இதெல்லாம் அறிவியலாக அழகுதான், மறுக்கவில்லை. காசுக் கணக்குக்கு வாருங்கள்.

2017-இல் ஜோசஃப் பென்னட் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் ஒவ்வோர் இனத்தையும் காப்பாற்ற அரசு என்ன செலவழிக்கிறது என்ற உண்மைக் கணக்கை வைத்துப் பார்த்தார்கள். உருவாக்கும் செலவைக்கூட அவர்கள் சேர்க்கவில்லை, உருவாக்கிய பிறகு காட்டில் வைத்துப் பராமரிக்கும் செலவு மட்டும். அரசுப் பணத்தில் அதைச் செய்தால், இப்போது இருக்கும் இனங்களுக்குப் போகும் பணம் குறைந்து, மொத்தத்தில் இழப்புதான் என்று வந்தது. தனியார் பணமாகவே இருந்தாலும், நியூ சவுத் வேல்ஸில் அதே பணத்தை உயிரோடிருக்கும் இனங்களுக்குப் போட்டால் எட்டு மடங்குக்கு மேல் இனங்களைக் காக்கலாம்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மெல்பர்ன் பல்கலைக்கழகத் தைலசின் ஆய்வகத்துக்கு 2022-இல் வந்த நன்கொடை 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அன்றைய மதிப்பில் 27 கோடி ரூபாய் இருக்கும். அதே ஆண்டு தமிழ்நாடு அரசு நீலகிரி வரையாட்டுக்கு என்று ஐந்தாண்டுத் திட்டம் போட்டது, 25.14 கோடி. ஒரு ஆய்வகத்துக்குக் கிடைத்த ஒரு நன்கொடை, இங்கே ஒரு மாநில விலங்கின் ஐந்தாண்டுக் கணக்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்தவை 1,031 வரையாடுகள்.

செல்வம்_லேப்

ரவி, அந்த நன்கொடையாளர் தைலசினுக்குக் கொடுக்காவிட்டால் வரையாட்டுக்குக் கொடுத்திருப்பாரா? மாட்டார். அறிவியலுக்கு வரும் பணத்தையும் காட்டுக்கு வரும் பணத்தையும் ஒரே பெட்டியில் இருந்து எடுத்ததுபோல் பேசுவது சரியில்லை.

தொழில்நுட்பம் இருக்கும் இனத்துக்கும் உதவும் என்பதற்கு அமெரிக்காவின் கறுங்கால் ஃபெரட் என்ற, கீரி போன்ற சிறு விலங்கு இருக்கிறது. முற்றாக அழிந்தது என்று நினைத்து, 1981-இல் வயோமிங்கில் ஒரு நாய் செத்த ஃபெரட்டைக் கவ்விக்கொண்டு வந்ததால் கண்டுபிடித்தார்கள். இன்று இருப்பவை எல்லாம் 7 விலங்குகளின் வாரிசுகள். மரபு வேறுபாடு மிகக் குறைவு. வில்லா என்ற ஒரு பெண் ஃபெரட்டின் செல்கள் 1988 முதல் சான் டியேகோ உறைநிலைச் சேமிப்பில் இருந்தன, அதற்கு உயிருள்ள வாரிசே இல்லை. அந்தச் செல்லிலிருந்து 2020 டிசம்பர் 10-இல் எலிசபெத் ஆன் பிறந்தது. அது குட்டி போட முடியவில்லை. ஆனால் அதே செல்லிலிருந்து பின்னர் வந்த அன்டோனியா 2024-இல் குட்டிகள் ஈன்றது. எட்டாவது மூதாதை ஒன்று கிடைத்ததற்குச் சமம் இது.

வால்பாறை_ரவி

ஃபெரட்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், அது அழிந்த இனம் இல்லை, செல் உயிரோடு இருந்தது, விடுவதற்கு இடமும் இருந்தது. நீங்கள் சொல்லும் வெற்றி எல்லாம் தைலசினுக்கு இல்லாத மூன்று வசதியால் வந்தது. உண்மையிலேயே அழிந்ததற்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஸ்பெயினின் புகார்டோ காட்டாட்டைப் பாருங்கள். கடைசி விலங்கு 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. அதற்குச் சில மாதம் முன்பே செல் எடுத்து வைத்திருந்தார்கள். 57 ஆடுகளில் கரு வைத்து, 7 சினையாகி, 2003-இல் ஒரே ஒரு குட்டி பிறந்தது. நுரையீரல் கோளாறால் சில நிமிடங்களில் போய்விட்டது. இருமுறை அழிந்த விலங்கு என்ற பெயர் அதற்கு மட்டும்தான். இத்தனைக்கும் அவர்களிடம் உயிருள்ள செல் இருந்தது.

பழைய_நூலகர்

இருவருக்கும் நடுவில் நம் நாட்டுச் சங்கதி ஒன்று. சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. 1947-இல் கோரியா மகாராஜா இரவில் காரிலிருந்து மூன்று ஆண் சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். அதுவே இந்தியாவில் கடைசி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தச் செய்தி பம்பாய்க் கழக இதழில் 1948-இல் வந்தது, அனுப்பியவர்கள் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்த வான் இங்கன் நிறுவனத்தார். இதழாசிரியர்கள் கூடவே கடும் கண்டனக் குறிப்பு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டார்கள்.

ஆனால் அதே இதழை இன்னும் சில தொகுதிகள் புரட்டினால், 1952-இல் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது, சித்தூர் மாவட்டத்தில் ஒரு சிவிங்கிப்புலியைப் பார்த்ததாக. அப்போது சித்தூர் சென்னை மாநிலத்தில் இருந்தது. ஒரே ஆளின் பார்வைக் குறிப்பு, அதை எந்த அளவுக்கு நம்புவது என்று வாதாடலாம். "கடைசி" என்ற சொல்லை எழுதுமுன் இதழின் பின்தொகுதிகளையும் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் லால்ஜி சிங் ஆசியச் சிவிங்கிப்புலியைக் குளோனிங் செய்ய முயன்றார், அந்த விலங்கு மிஞ்சியிருக்கும் ஈரான் செல் கொடுக்க மறுத்தது. கடைசியில் 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 என்று ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆய்வகம் இல்லாமலே ஒரு பதிலி.

அரட்டை_அரசு

விளையாட்டா ஆரம்பிச்சேன், இப்ப ட்ரோவ்ல உட்கார்ந்து புலிச் செய்தி படிச்சுட்டு இருக்கேன். ஆபீஸ் வேலை அப்படியே கிடக்கு.

உறையூர்_நந்தினி

எல்லோருக்கும் நன்றி. சுதா அக்கா சொன்னபடி ட்ரோவில் தேடினேன், நிறைய கிடைத்தது. செமினாரைப் பரிசுத்தொகைக் கணக்கிலிருந்து தொடங்கி, ஜாடிகள், டன்னார்ட், பென்னட் கட்டுரை, ஃபெரட் என்று கொண்டுபோகிறேன். மேடமும் சரி என்றார்.

இரண்டு கேள்வி. தைலசின் ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு நிற்கும் படம் எங்கும் இருக்கிறது. முதல் ஸ்லைடில் போடலாமா? இன்னொன்று, 99.9 சதவீதம் முழுமையான மரபணுத்தொகை கிடைத்துவிட்டது என்று 2024-இல் வந்த செய்தியை எப்படிச் சொல்வது?

மெல்பர்ன்_சுதா

படத்தைத் தாராளமாகப் போடு, ஆனால் அதன் கதையோடு போடு. ஹென்றி பர்ரெல் எடுத்தது, 1921-இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியக இதழில் வந்தது. புலி கோழி திருடும் என்பதற்கு அதுவே சாட்சி என்று வெகுகாலம் ஓடியது. ஓரங்களை வெட்டாத முழுப் படத்தில் பின்னால் வேலியும் கொட்டகையும் தெரிகின்றன. கேரல் ஃப்ரீமன் என்ற ஆய்வாளர் 2005-இல் அதை நுணுகிப் பார்த்து, அது பாடம் செய்த உடல், படத்துக்காக நிறுத்திவைத்தது என்று எழுதினார். வெட்டிய படம், வெட்டாத படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

செல்வம்_லேப்

இரண்டாவது கேள்விக்கு: "கொலோசல் 2024 அக்டோபரில் அறிவித்தது" என்று எழுதுங்கள், "கண்டுபிடிக்கப்பட்டது" என்று எழுத வேண்டாம். 110 ஆண்டு பழைய, ஆல்கஹாலில் இருந்த ஒரு தலையிலிருந்து எடுத்தது என்கிறார்கள். அதன் பக்கத்திலேயே 2017 மரபணுத்தொகையைச் சக ஆய்வாளர்கள் சரிபார்த்த கட்டுரை என்று குறிப்பிடுங்கள். நேரம் இருந்தால் குவோல் விஷயத்தையும் சேருங்கள். வடக்குக் குவோல் என்ற ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டி, நஞ்சுள்ள கேன் தேரையைத் தின்று செத்துக்கொண்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற, தேரை நஞ்சைத் தாங்கும்படி பைப்பாலூட்டிச் செல்லின் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள், அதே மெல்பர்ன் குழுவும் கொலோசலும்தான். இப்போதைக்குச் செல் அளவில்தான், விலங்கு இல்லை. ஆனால் ரவி கேட்கும் கேள்விக்கு அவர்களிடம் இருக்கும் நல்ல பதில் தைலசின் இல்லை, இதுதான்.

வால்பாறை_ரவி

குவோல் வந்தால் நான் எதிர்க்கமாட்டேன். தேரையைக் கொண்டுவந்து விட்டதும் மனிதர்கள்தான் என்பதை மட்டும் அந்த ஸ்லைடில் ஒரு வரி போடுங்கள். 1935, குயின்ஸ்லாந்து, கரும்பு வண்டைத் தின்ன என்று.

பழைய_நூலகர்

நந்தினி அம்மா, ப்ரோஸ் கட்டுரையும் பென்னட் கட்டுரையும் திறக்கவில்லை என்றால் டெல்நெட் வழியாகக் கேளுங்கள். விண்ணப்பத்தில் இதழின் பெயர், தொகுதி, பக்க எண் மூன்றையும் முழுதாக எழுதுங்கள். தலைப்பு மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நானே அப்படி எத்தனையோ திருப்பியிருக்கிறேன்.